தண்ணீருக்குக் காவல்

உபதேசியார் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு ஆஸ்பத்திரியில் அம்மாவின் கட்டிலருகே நின்றார். பார்க்கிறவர்களுக்கு விலங்கு போட்ட மாதிரி தெரியும். பழக்கதோஷத்தில் கை தானாக யார் தலைக்காவது போய்விடுமோ என்ற பயத்தில் அவரே கட்டிக்கொண்டது.

கால்மாட்டில் போலீஸ்காரர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். தண்ணீர்ப் பாட்டிலை எடுத்துத் தன் நாற்காலிக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

"குடிக்கக் கேட்டா நான் குடுக்கறேன். நீங்க தொடாதீங்க."

"சரி சார்."

தேர்தல் முடிந்து மதம் மாற்றுவதைத் தடுக்கும் புதுச் சட்டம் வந்ததும் மிஷனின் வெளிநாட்டுப் பாதிரியார்களை விமானம் ஏற்றினார்கள். உள்ளூர்க்காரர்களை ஜெயிலில் போட்டார்கள். பிறகு எல்லோருக்கும் சேர்த்து ஒரே ஜாமீன். யார் தலையிலும் கை வைக்கக் கூடாது, ஞானஸ்நானத் தண்ணீர் ஊற்றக் கூடாது, பிறரை ஊற்றச் சொல்லவும் கூடாது. ஒருவர் மீறினால் அத்தனை பேரும் திரும்ப உள்ளே. அதில் ஒருத்தி கைக்குழந்தைக்காரி.

கிழவிக்கு இதெல்லாம் தெரியும். தெரிந்தும் முந்தின நாள் மகனிடம் கேட்டுவிட்டாள், சாகுமுன் தனக்கும் ஞானஸ்நானம் வேண்டும் என்று. பக்கத்துக் கட்டில்காரியின் தம்பி காதில் அது விழுந்தது. அவன் ஆளுங்கட்சி ஆபீசில் சொல்ல, அங்கிருந்து ஸ்டேஷனுக்குப் போன் போக, கட்டிலுக்குக் காவல் வந்துவிட்டது. டாக்டர் எழுதிக்கொடுத்த மருந்துதான் இன்னும் வரவில்லை.

"ஊருக்கெல்லாம் ஊத்தினே. பெத்தவளுக்கு மட்டும் தண்ணிப் பஞ்சமாடா?" என்றாள் கிழவி. செங்கல் சூளையில் தேய்ந்த உடம்பு. நெஞ்சுக்குள் பாதி சாம்பல், பாதி மண்.

"இத்தன வருசம் கேலி பண்ணினியேம்மா. நான் ஜெபம் பண்ண உட்கார்ந்தா பாத்திரத்தப் போட்டு உருட்டுவ."

"உருட்டினேன். யாரு இல்லேன்னா? இப்ப படுத்துக் கிடந்து யோசிச்சேன். செத்தா நீங்கல்லாம் ஒரு பக்கம் போவீங்க, நான் ஒரு பக்கம் போவேன். அங்க வந்து உன்ன நான் எங்கடா தேடுவேன்?"

அவர் சுவரைப் பார்த்தார். அழுகை வரவில்லை. ஜெயிலுக்குப் போய் வந்ததிலிருந்து எதுவும் வருவதில்லை.

போலீஸ்காரர் சோம்பல் முறித்தார். "ஏன் உபதேசியாரே, உங்க ஆளுங்க கையில மட்டும் அப்படி என்ன, கரன்ட்டா ஓடுது?"

"கையில ஒண்ணும் இல்ல சார். உயிர் போற நேரத்துல யார் ஊத்தினாலும் செல்லும். தண்ணிய ஊத்தி, பிதா, சுதன், பரிசுத்த ஆவின்னு பேரச் சொல்லணும். அவ்வளவுதான்."

"இவ்வளவுதானா? இதுக்கா மாசாமாசம் உங்களுக்குச் சம்பளம் குடுத்தாங்க?"

கிழவியே சிரித்துவிட்டாள். சிரிப்பு இருமலாகி மூச்சை அடைத்தது. போலீஸ்காரர்தான் எழுந்து தோளைப் பிடித்து நிமிர்த்தி உட்கார வைத்தார். மகனின் கைகள் பின்னாலேயே இருந்தன.

"கெளம்புங்க, ஸ்டேஷன்ல ஜாமீன் கையெழுத்துப் போடற நேரமாச்சு," என்றார் போலீஸ்காரர்.

"சார், அம்மா இப்படி இருக்கறப்ப..."

"அதுக்கு நான் என்னய்யா பண்ண? நானா சட்டம் போட்டேன்? போகலேன்னா அதுக்கு வேற ஒரு கேஸ் எழுதுவாங்க."

"போடா, போய்க் கிறுக்கிட்டு வா," என்றாள் கிழவி. "இந்தத் தம்பி என்னைப் பாத்துக்கும். அரசாங்கமே காவல் போட்டிருக்கு, எனக்கென்ன கொறச்சல்?"

ஸ்டேஷனில் தலைவரின் பேச்சு டிவியில் ஓடிக்கொண்டிருந்தது. அது முடியும்வரை யாரும் பேனாவை எடுக்கவில்லை. இந்த நாட்டின் ஆன்மாவை யாரும் விலைக்கு வாங்க முடியாது என்று தலைவர் சொன்னதும் எழுத்தர் கைதட்டினார். உபதேசியார் சுவரோரமாக நின்றார். பிறகு கையெழுத்துப் போட்டார்.

திரும்பி வந்தபோது கட்டிலைச் சுற்றித் திரை இழுத்துவிட்டிருந்தது. உள்ளே போர்வை முகம்வரை ஏறியிருந்தது.

"முடிஞ்சிடுச்சு," என்றார் போலீஸ்காரர்.

உபதேசியார் தலையாட்டினார்.

கட்சி பேட்ஜ் குத்திய இரண்டு பேர் திரையை விலக்கி எட்டிப் பார்த்தார்கள். பின்னால் பக்கத்துக் கட்டில்காரியின் தம்பி.

"சார், ஒண்ணும் நடக்கலையே?"

"நான் குத்துக்கல்லு மாதிரி இங்கயே உட்கார்ந்திருக்கேன். எப்படி நடக்கும்?"

"இந்தாளு?"

"ஸ்டேஷன்ல இருந்தான். போய்க் கேளு."

அவர்கள் திருப்தியாகப் போனார்கள்.

செத்தவர்கள் தலையில் கை வைக்கக் கூடாது என்று ஜாமீனில் சொல்லியிருக்கவில்லை. உபதேசியார் பின்னாலிருந்து கையை எடுத்தார். போர்வையை விலக்கி அம்மாவின் உச்சந்தலையில் வைத்தார். முடி நனைந்திருந்தது. கடைசி வேர்வை என்று நினைத்துக்கொண்டார்.

"என்னால முடியலம்மா," என்றார். அப்போதும் கண்ணில் ஒன்றும் வரவில்லை.

போலீஸ்காரர் தொப்பியைத் தலையில் வைத்தார். நாற்காலியை மடக்கினார். திரைக்கு வெளியே ஒரு முறை பார்த்துவிட்டு, உபதேசியாரின் காதருகே குனிந்தார்.

"நீங்க சொன்னதுல மூணாவது பேரு எனக்கு மறந்துபோச்சு. உங்கம்மாதான்யா எடுத்துக் குடுத்தாங்க."