கூடையில் வந்த பூனை

காலை எட்டு மணிக்குத் துன்ஜாய் தேநீருக்குத் தண்ணீர் வைக்கிறான், ஜன்னலைத் திறக்கிறான், நான்காம் மாடியிலிருந்து கயிற்றில் கட்டிய கூடையை இஸ்தான்புல் தெருவுக்கு இறக்குகிறான். மளிகைக்கடை ரிஃபாத் அண்ணன் ரொட்டியை வைத்ததும் தெருவில் திரியும் சாம்பல் பூனை கூடைக்குள் ஏறி உட்கார்ந்துகொள்கிறது. “தம்பி, ரொட்டியோட மகாராணியும் வர்றாங்க, கயிறு தாங்குமா பாரு!” என்று கீழிருந்து குரல் கொடுக்கிறார். பூனை இறங்கட்டும் என்று துன்ஜாய் கூடையை ஆட்டுகிறான். அது சூடான ரொட்டியின் மேல் தாடையை வைத்துக் கண்ணை மூடிக்கொள்கிறது. இழுக்கிறான். ஜன்னல் விளிம்பில், வெயில் விழும் இடத்தில், கூடை நிற்கிறது. ஈர மூக்கு அவன் மணிக்கட்டில் படுகிறது. ஜன்னலைச் சாத்த அவனுக்குக் கை வரவில்லை. மனைவி நலான் இறந்து ஆறு வாரம் ஆகிறது. மருத்துவமனைக்குக் கிளம்பும்போது வாசலில் நின்று கடைசியாகச் சொன்னாள்: “நான் வர்ற வரைக்கும் அந்தப் பூனைய உள்ள விட்டுடாத. ஒருநாள் விட்டா, அப்புறம் நம்ம வீட்டவிட்டுப் போகவே போகாது.”