அட்டையில் மாறிய ஓட்டை

"தேதியைச் சொல்லுமா. தறி சும்மா நிக்குது. உன் கல்யாணப் புடவைக்குப் பாவு ஏத்தட்டுமா, வேணாமா?" என்றாள் நெசவுக்காரி சம்பூர்ணம்.

சுகாசினி கையிலிருந்த போனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவளைக் கேக்காதீங்கக்கா," என்றான் அவளைக் கட்டிக்கொள்ளப் போகும் ஜான்சன். "ஒரு வருஷமா நானும் கேட்டுக்கினுதான் இருக்கேன். 'ஒரு மெயில் வரணும், வந்ததும் சொல்றேன்'னு ஒரே பாட்டு. லீவுல வந்திருக்கா, மறுபடியும் பொலிவியாவுலயே வேலையை நீட்டிக்கப் போறா, வேற என்ன? இன்னிக்கும் தேதி சொல்லலைன்னா எங்க வீட்டுல வேற எடம் பாக்கச் சொல்லிடுவேன்."

போன் சிணுங்கியது. வந்த மெயிலைப் படித்த சுகாசினி ஐயம்பேட்டையே திரும்பிப் பார்க்கும்படி கத்தினாள். "ஜான்சன்! ரகம் தெரிஞ்சிடுச்சு!"

"என்ன ரகம்? பட்டா, காட்டனா?"

"கிருமி ரகம்பா! நான் ஆராய்ச்சி பண்றேனே, சாகஸ் நோய், அந்தக் கிருமி!"

"போச்சுடா. பூச்சிக் கதையை ஆரம்பிச்சிட்டா."

"ரெண்டே நிமிஷம் கேளு. பொலிவியாவுல ஒரு பூச்சி தூங்கறவங்களைக் கடிக்கும். கடிச்ச எடத்துலயே எச்சம் போடும். அதுல இருக்கிற கிருமி உடம்புக்குள்ள போயிடும். ஒருத்தருக்கு இதயத்தைக் கெடுக்குது, இன்னொருத்தருக்குக் குடலை வீங்க வைக்குது, நிறைய பேருக்குக் கடைசிவரைக்கும் ஒண்ணுமே பண்றதில்ல. ஏன்?"

அவளே, புடவையில் பூவும் மயிலும் விழ ஓட்டை குத்தித் தறிக்கு மேலே தொங்கிய டிசைன் அட்டைகளைக் காட்டினாள். "அக்கா, இந்த அட்டையில ஓட்டையை மாத்திக் குத்தினா?"

"மயில் வர்ற எடத்துல வேற என்னமோ வரும்."

"அதேதான்! கிருமிக்குள்ளயும் அட்டை இருக்குது, மரபணுன்னு பேரு. ரகத்துக்கு ரகம் ஓட்டை மாறுது. அதனால செய்யற வேலையும் மாறுது."

"அட்டை மட்டும் சரியா இருந்தா போதுமா? நூலு?"

"ஆமாக்கா! நூலுதான் நம்ம உடம்பு. ரெண்டும் சேர்ந்துதான் சேதம் எவ்வளவுன்னு முடிவாகும். மருந்தைச் சீக்கிரம் குடுத்தாங்களான்னும் பாக்கணும்."

ஜான்சன் தன்னையறியாமல் அட்டைகளை அண்ணாந்து பார்த்தான். "சரி, மெயில்ல என்ன?"

"இந்த நோய் வந்த ஒரு ஆளுக்கு ஆரம்பத்துலயே மருந்து குடுத்தாச்சு. எந்த ரகம்னுதான் தெரியல. ரத்தத்துல பிடிச்ச கிருமியை வளர்த்து, அதோட அட்டையைப் படிச்சு முடிக்க இத்தனை நாள். நாங்க பாத்தவரைக்கும் இதயத்தை அதிகமா தொடாத ரகமாம்! இப்ப எடுத்த ரத்தத்துலயும் கிருமி தட்டுப்படலையாம்! அப்பப்ப இதயத்தை செக் பண்ணிக்கணும், அவ்வளவுதான்!"

ஜான்சனின் முகம் சுண்டியது. "யாரோ ஒரு பொலிவியாக்காரனுக்காக இந்தக் குதி குதிக்கிற. எனக்கு ஒரு தேதி சொல்ல உனக்கு வாய் வரல."

சுகாசினி சம்பூர்ணத்திடம் திரும்பினாள். "அக்கா, பாவை ஏத்துங்க. தை மாசமே கல்யாணம்."

ஜான்சன் திகைத்தான். "அப்போ... நீ காத்துக்கினு இருந்த மெயிலு?"

"இதுதான்." அவள் கண்களைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். "அந்த ஆளு பொலிவியாக்காரன் இல்ல ஜான்சன். இந்தப் புடவையைக் கட்டப் போறவ."