தயாளன் விட்ட விமானம்

விமானத்தின் மூன்று சக்கரங்களுக்கும் அடியில் எலுமிச்சம்பழம் வைத்துவிட்டு, தீனதயாளன் ஹெல்மெட்டை மாட்டினான்.

"கரும்பு பூத்துக்கினு நிக்குது. போன வருசம் மாதிரி இதுவும் வயல்லயே காயணுமா? உங்களுக்கு ரெக்கைய தொடைக்கவே நேரம் பத்தல!" மனைவி மணிமொழி மூக்கைச் சிந்தினாள்.

"பறக்கற நேரத்துல கரும்பு பேச்சு எதுக்குடி?"

பார்சலில் வந்த பாகங்களை, மாடுகளை வெளியே கட்டிவிட்டுக் கொட்டகையில் வைத்து ஒரு வருடமாக இணைத்து விமானமாக்கியிருந்தான். கள்ளக்குறிச்சி மெக்கானிக் முகம்மது கவுஸ் துணைக்கு இருந்தார். மூன்று சக்கரம் இருப்பதால் இது ஷேர் ஆட்டோ கணக்கில்தான் வரும் என்று ஊரில் ஒரு தரப்பு சாதித்தது.

பங்காளி ஆதிமூலத்துக்கு வாயெல்லாம் பல். இத்தனை வருடமாகத் தன் தரிசில் ஒரு மாட்டுவண்டியைக்கூட விடாத மனிதர், விமானம் என்றதும் தானே ஜேசிபி கொண்டுவந்து, தயாளனின் வயலோரத்திலிருந்து தார் ரோடு வரை சமன் செய்து கொடுத்தார். ஊர் பார்க்க இவன் மூக்குடைபட வேண்டும், அவ்வளவுதான் அவர் ஆசை.

"தரை இன்னும் கெட்டியா வேணும்ணே. எறங்கறப்ப வெயிட்டு ஜாஸ்தி" என்று தயாளன் கேட்டதற்கும் தட்டாமல் ஜல்லி அடித்தார். வாழ்த்து பேனரும் அவர் உபயம். அதில் விமானத்தைவிட அவர் மீசை பெரிதாக இருந்தது.

இன்ஜின் உறுமியது. எலுமிச்சம்பழங்கள் நசுங்கின, விசில் பறந்தது. விமானம் ஓடியது, கோழி போல ஒரு தத்து தத்தியது, மறுபடி ஓடியது.

"ஆக்சிலேட்டர முழுசா தள்ளுபா! இன்னாத்துக்கு பாதியிலயே வெச்சிக்கினுகீற?" கவுஸ் கத்தினார். தயாளனுக்குக் கேட்கவில்லை போலும். விமானம் சமர்த்தாகத் தார் ரோட்டோரம் போய் நின்றது.

ஊர் விழுந்து விழுந்து சிரித்தது. ஆதிமூலத்துக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

தயாளன் தலைகுனிந்து வந்தான். "அண்ணே, ரன்வேய மட்டும் மூடிடாதீங்க. அடுத்த மாசம் இன்னொரு தபா பார்க்கறேன்."

"ஒரு மாசம் இன்னாடா ஒரு மாசம்? ஆயுசுக்கும் நீயே வெச்சிக்க! பறக்கலன்னா இதுலயே நடந்து போ! நானும் மூட மாட்டன், என் புள்ளைங்களும் மூடாது. ஊரே சாட்சி!"

கைதட்டல் அடங்கவே வெகுநேரம் ஆனது. கூட்டம் கலைந்தது.

"மானம் போச்சே! இனிமே எப்படி வெளிய தல காட்டறது?" மணிமொழி தலையில் அடித்துக்கொண்டு அழுதாள்.

தயாளன் ஹெல்மெட்டைக் கழற்றி அவள் கையில் கொடுத்தான். போனை எடுத்து, கரும்பு வெட்டும் மேஸ்திரியைக் கூப்பிட்டான்.

"லாரிய அனுப்புங்க, வயல் வரைக்கும் வழி வந்துடுச்சி."