இன்னும் வராத ஊசி

தேயிலைத் தோட்டத்து டிஸ்பென்சரி ஜன்னலில் பனி வந்து முட்டுகிறது. கொழுந்தெடுக்கையில் நனையாமலிருக்க யோகராணி இடுப்பில் கட்டிய படங்கிலிருந்து நீர் சொட்டுகிறது. கொழும்பில் வேலை செய்யும் புருஷன் வந்துபோனால் தொற்றிக்கொள்ளும் கொனோரியா என்ற பால்வினை நோய்க்கு மறுபடியும் குளிசை வாங்குகிறாள். “அவரும் மருந்து எடுக்கணும். இல்லாட்டி திரும்ப ஒட்டிக்கும்” என்கிறார் மருந்து கொடுக்கும் நர்ஸ் மிஸி. “சொன்னா என்னையத்தான் சந்தேகப்படுவாருங்க. புள்ளைங்களுக்குப் போடுற மாதிரி இதுக்குத் தடுப்பூசி இல்லீங்களா, மிஸி?” “கண்டுபிடிக்கத்தான் பாக்குறாங்க. இன்னும் வரல.” வாசலுக்கு வருகிறாள். மூடுபனிக்குள் எங்கோ கொழுந்தெடுக்கும் பெண்கள் சிரிக்கிறார்கள். போன் அடிக்கிறது. “நானுஓயா ஸ்டேஷன்ல எறங்கிட்டேன்டி. ஒனக்கு என்ன வாங்கியார?” புருஷனின் குரலில் அத்தனை ஆசை. “ஒண்ணும் வேணாங்க. பத்திரமா வந்து சேருங்க” என்கிறாள். அவ்வளவு தூரத்திலிருந்தே அவன் பார்த்துவிடுவான்போல, குளிசைப் பொட்டலம் இருக்கும் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொள்கிறாள்.