குறட்டைக்கு ஒரு பனியன்

உணவை நெல்லிக்காய் அளவுக்கு உருட்டி, உள்ளங்கையில் வைத்து நீட்டினேன். குறட்டை முகர்ந்து பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள்.

"தின்னுடி தங்கம். மெதுவா முழுங்கு."

குறட்டை எங்கள் வீட்டு நாய். சப்பை மூக்கு, பிதுங்கிய கண். அவள் மூச்சு விட்டால் பக்கத்து வீட்டுக்குக் கேட்கும். அதனால் என் மகள் வைத்த பெயர்.

மூன்று நாளைக்கு முன்பு அவளுடைய மூக்குத் துவாரத்தைப் பெரிதாக்கி, தொண்டைக்குள் தொங்கி அடைத்துக்கொண்டிருந்த சதையை வெட்டி எடுத்தார்கள். இப்போது வாயை மூடிக்கொண்டு மூச்சு விடுகிறாள். சத்தமே இல்லை. நேற்று பயந்துபோய் இரண்டு தடவை நெஞ்சில் கை வைத்துப் பார்த்தேன்.

ஓடக் கூடாது, குரைக்கக் கூடாது, கழுத்தில் பட்டை கூடாது, உடம்பு சூடாகவே கூடாது. தாடைக்கு அடியில் துண்டைச் சுருட்டி வைத்திருக்கிறேன். மின்விசிறி அவள் பக்கம் திரும்பியிருக்கிறது. உடம்பில் என் மகளின் பழைய பூப்போட்ட பனியன். பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்று அடம்பிடிக்கிற பிள்ளை மாதிரி உட்கார்ந்திருக்கிறாள்.

"இந்த வெயில்ல அதுக்குப் பனியன் எதுக்கு?" என்றார் என் கணவர், செருப்பை மாட்டிக்கொண்டே.

மயக்க மருந்து இறங்கும்வரை நடுக்கம் இருக்கும் என்று டாக்டர் சொன்னதாகச் சொன்னேன். பொய் எனக்குத் தடுமாறாமல் வரும். பழகிவிட்டது.

மூன்று வருடமாக இந்த மனிதரிடம் கெஞ்சினேன். வாசல்வரை நடப்பதற்குள் நாக்கு நீலமாகிறது, விழுந்துவிடுகிறாள், ஒரு தடவை டாக்டரிடம் காட்டலாம் என்று. இந்த ஜாதி நாய் அப்படித்தான் மூச்சு விடும், அதுதான் அழகு என்றார். அந்த அழகோடு இரண்டு முறை அவளைச் சினைப்படுத்தினார். குட்டிகளுக்குத் தலை பெரிது. இரண்டு முறையும் வயிற்றைக் கிழித்துத்தான் எடுத்தார்கள். குட்டிகள் பால்குடி மறந்த வாரமே, இவரிடம் காசு கொடுத்தவர்கள் ஒவ்வொருவராக வந்து தூக்கிக்கொண்டு போனார்கள். குறட்டை கட்டிலுக்கு அடியிலும் பீரோவுக்குப் பின்னாலும் பத்து நாள் தேடினாள். அதைப் பார்த்துக்கொண்டு அதே வீட்டில்தான் நானும் இருந்தேன்.

மூன்றாவது முறைக்கு இவர் போனில் கேட்டபோது டாக்டர் கையை விரித்துவிட்டார். முதலில் மூச்சைச் சரிசெய்யுங்கள், இல்லாவிட்டால் இன்னொரு பிரசவத்தில் செத்துப்போகும் என்றார்.

அன்றைக்குத்தான் ஐயாவுக்கு இரக்கம் பொத்துக்கொண்டு வந்தது. உடனே ஆபரேஷன் பண்ணிவிடு, கையெழுத்து அது இது எல்லாம் நீயே போட்டுக்கொள் என்றார். ஆஸ்பத்திரி வாடை அவருக்கு ஆகாதாம்.

எனக்கு மகள் பிறந்தபோதும் ஆகவில்லை. இரண்டு நாள் வலியில் துடித்த பிறகு, வயிற்றைத் திறந்துதான் ஆக வேண்டும் என்று என்னைத் தள்ளிக்கொண்டு போனார்கள். அவர் கட்டிலோடு கூடவே நடந்துவந்து, என் தலைக்கு மேல் நர்ஸிடம் கேட்டார்: அடுத்தது எப்போது வைத்துக்கொள்ளலாம்? நர்ஸ் சிரித்துவிட்டாள். அப்புறம் அவருக்கு வாடை தாங்கவில்லை, வீட்டுக்குப் போய்விட்டார்.

ஏழு வருடம் ஆகிறது. அடுத்தது வரவில்லை. போகிற இடமெல்லாம் என் உடம்பைக் குறை சொல்லிக்கொண்டிருக்கிறார். மாமியார் ஒத்து ஊதுகிறார். நான் வாயைத் திறப்பதே இல்லை.

செருப்பு மாட்டின காலோடு இப்போது போனில் நிற்கிறார். மறுமுனையில் ஆண் நாய் வைத்திருக்கிறவர். இரண்டு மாதம்தான், நான் வாக்குக் கொடுத்தால் மாறமாட்டேன் என்று இவர் அளந்துகொண்டிருக்கிறார். போனைக் கையால் பொத்திக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"இது எப்ப ரெடியாகும்? தேதி பாத்துக் காலண்டர்ல குறிச்சு வை."

இன்னும் அவளுக்கு உணவு ஒழுங்காக இறங்கவில்லை. அதற்குள் அதே கேள்வி.

எழுந்துபோய்க் குறித்தேன். சிவப்புப் பேனாவால் வட்டமே போட்டேன். கொடுக்கட்டும், நன்றாக வாக்குக் கொடுக்கட்டும். நாலு பேரிடம் பெருமையடிக்கட்டும். அந்த ஆள் நாயோடு வந்து வாசலில் நிற்கட்டும். ஒவ்வொரு முறையும் இவர் முகம் தொங்கிப்போவதைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். எனக்கு அவசரமே இல்லை.

வண்டிச் சத்தம் தெருமுனை தாண்டியதும் பனியனைத் தூக்கினேன்.

வயிற்றில், பழைய தழும்பின் மேலேயே புதுத் தையல். சிவப்பு இல்லை, கசிவு இல்லை. நன்றாக ஆறிக்கொண்டிருக்கிறது. பனியனைக் கீழே இழுத்துவிட்டேன். இனி அவளால் நக்கவும் முடியாது, யார் கண்ணிலும் படாது. கருப்பையை எடுத்தாயிற்று. இனி யாரும் அவளிடமிருந்து எதையும் தூக்கிக்கொண்டு போக முடியாது.

கடைசி உருண்டையை நீட்டினேன். வாங்கிக்கொண்டு, சத்தமில்லாமல் முழுங்கினாள். என் பொண்ணு!

அன்று நாய் டாக்டர் படிவத்தை நீட்டியபோது நான்தான் கேட்டேன், மயக்கம் கொடுப்பது ஒரு தடவைதானே, இரண்டையும் சேர்த்தே முடித்துவிடலாமா என்று. நல்ல யோசனையம்மா, எப்படித் தோன்றியது என்று ஆச்சரியப்பட்டார்.

புது யோசனை இல்லை. ஏழு வருடத்துக்கு முன்பு, அந்தக் கட்டிலில் படுத்தபடி என் பிரசவ டாக்டரிடம் கேட்டதுதான். அன்றைக்கும் கையெழுத்தை நானேதான் போட்டேன்.