பொலிவியாவுக்குப் பன்னிரண்டு நாள்

"பொலிவியாவுக்குப் பன்னண்டு நாளா? அங்க கடலே கிடையாதாம். நாலு நாள் போதும்."

"அப்போ மீதி எட்டு நாளைச் சிலியில சேத்துக்கலாம்ப்பா. அது புடலங்காயாட்டம் கிடக்குது. மேலேருந்து கீழ வர்றதுக்கே நாள் புடிக்கும்."

"மே மாசம் அங்க குளிராமே? ஸ்வெட்டருக்கு எங்க போறது?"

கடைசியாகக் கேட்டவள் தேவகி. விழுப்புரம் ரயிலடிக்குப் பின்னால் இருந்த வீட்டில், அவளும் கணவர் ஆதிநாராயணனும் மகள் அம்சாவும் ஸ்கூல் அட்லஸைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். பக்கத்தில் இருபத்து மூன்று போஸ்ட் கார்டுகள்.

"ஏரோப்ளேன்ல ஊறுகா ஜாடி ஏத்துவாங்களா?" என்றாள் தேவகி.

"ஏன் ஏத்த மாட்டாங்க? திண்டிவனம் முனியம்மாள் மவன் மஸ்கட் போனப்போ பலாப்பழத்தையே தூக்கிக்கினு போனானே. மறந்துட்டியா? ஒரு லாரி ஆளு மீனம்பாக்கம் போயி, கண்ணாடிக்கு இந்தாண்ட நின்னு அழுதோமே!"

"உங்கக்கா மயக்கமே போட்டாங்க."

"அம்மா, ஜாடியெல்லாம் எதுக்கு? நாம நிஜமா போவப் போறதில்ல" என்றாள் அம்சா.

தேவகி நாக்கைக் கடித்துக்கொண்டாள். அது அவளுக்கு அடிக்கடி மறந்துபோயிற்று.

விஷயம் இதுதான். ஆதிநாராயணனின் சொந்தபந்தத்தில் யார் எந்த ஊருக்குக் கிளம்பினாலும் விழுப்புரம் ஜங்ஷனில்தான் வண்டி மாறுவார்கள். அடுத்த வண்டி வரும்வரை இந்த வீட்டில் காத்திருப்பார்கள். கோடை லீவில் மட்டும் அந்த அடுத்த வண்டி ஜூன் மாதம்தான் வரும்.

கல்யாணமாகிப் பத்தொன்பது வருஷத்தில், ஒரு மே மாத மத்தியானம்கூட தேவகி கண்ணை மூடியதில்லை. கூடத்து ஃபேனுக்கு நேர் கீழே தன் பாயை விரித்து, நாலு மணிவரை தூங்க வேண்டும். அவள் ஆசை அவ்வளவுதான்.

ரெண்டு வருஷம் முன்னால், யாரும் வராமலிருக்க, வீட்டில் அம்மை போட்டிருப்பதாக எழுதிப் பார்த்தார்கள். துணைக்கு ஆள் வேண்டாமா என்று ஏழு பேர் வேப்பிலையோடு வந்து இறங்கினார்கள். போன வருஷம் திருப்பதி போவதாக எழுதினார்கள். பதினோரு பேர் கூடவே கிளம்பிவிட்டார்கள்.

"எந்த ஊரை எழுதினாலும் அங்க நம்மாளு ஒருத்தன் இருக்கானே, பேஜாரு" என்று இந்த வருஷம் ஆதிநாராயணன் தலையில் கைவைத்தார். டில்லியில் ஒருத்தன், சிங்கப்பூரில் ஒருத்தன். பாண்டிச்சேரி சம்பந்தி புண்ணியத்தில் பிரான்ஸில்கூட ரெண்டு பேர்.

லைப்ரரியிலிருந்து எடுத்து வந்த மொழிபெயர்ப்பு நாவலிலிருந்து தலையைத் தூக்கி, "தென் அமெரிக்காவுல யாரும் இல்லப்பா" என்றாள் அம்சா. காரணத்தையும் அவளே ஜோடித்தாள். சோப்புக் கம்பெனி நடத்திய போட்டியில் முதல் பரிசு. குடும்பத்தோடு ஐந்து நாடுகள், இரண்டு மாதம்.

"கவர்ல போட்டா ஒருத்தர்தான் படிப்பாங்க. கார்டுன்னா போஸ்ட்மேன்லேருந்து ஊரே படிக்கும்" என்று ஆதிநாராயணன் பேனாவைத் திறந்தார். பெரு, பொலிவியா, சிலி, அர்ஜென்டினா, பிரேசில் என்று வரிசையாக எழுதினார்.

"கிளம்பற தேதி போடலியேப்பா?"

"தேதி எதுக்கு? மே மாசம்னாலே ஒருத்தனும் இந்தப் பக்கம் தலைவெச்சுப் படுக்க மாட்டான்."

கார்டுகள் போயின. பதில் ஒன்றுகூட வரவில்லை. ஏப்ரல் பாதி போயிற்று, முக்காலும் போயிற்று, வாசலில் ஒரு பையோ பெட்டியோ வந்து இறங்கவில்லை.

ஏப்ரல் முப்பதாம் தேதி மத்தியானம் ஆதிநாராயணன் பெரிய பூட்டு ஒன்றுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். மறுநாள் முதல் வாசல் கதவில் பூட்டு தொங்கும். குடித்தனம் தோட்டத்துக் கதவு வழியாக. தேவகி ஃபேனுக்கு நேர் கீழே பாயை விரித்து, ஒரு ஒத்திகை பார்க்கலாம் என்று படுத்தாள்.

கண் சொருகியது. சிலியில் கடற்கரையோரமாக நடந்தாள். குளிருக்கு ஸ்வெட்டர்கூடப் போட்டிருந்தாள். தூரத்தில் ஒரு கப்பல் ஊதியது. இன்னொரு தரம் ஊதியது.

அது கப்பல் இல்லை. வாசலில் ஒரு லாரி.

பிரம்மதேசம் கிராமத்து மல்லாட்டை லாரி அது, வேர்க்கடலை மூட்டை ஏற்றுவது. வழியில் கூட்டேரிப்பட்டில் நின்று அங்கே இருந்த சொந்தத்தையும் ஏற்றிக்கொண்டு வந்திருந்தது. பாயும் தலையணையுமாக இறங்கியவர்களை அம்சா முப்பத்தாறு வரை எண்ணிவிட்டு நிறுத்தினாள்.

முதலில் உள்ளே வந்தவள் ஆதிநாராயணனின் அக்கா கோவிந்தம்மாள். தம்பியைப் பார்த்ததும் "டேய் நாராயணா!" என்று ஒரு சத்தம் போட்டாள். அப்படியே மயங்கிச் சரிந்தாள். சரிந்த இடம் ஃபேனுக்கு நேர் கீழே, தேவகியின் பாய்.

"தூக்காதீங்க, காத்து வர்ற எடம், அங்கியே கிடக்கட்டும்" என்றது ஒரு குரல்.

ஆதிநாராயணன் பூட்டை முதுகுக்குப் பின்னால் மறைத்தார். அக்கா புருஷன் சுப்பராயலு, தலையில் பெரிய கூடையோடு நிலைப்படி தாண்டினார்.

"மாமா... நான் போட்ட கார்டு வரலீங்களா? நாங்க தென் அமெரிக்கா போறோம். வீட்டுல யாருமே இருக்க மாட்டோம்."

"வந்துச்சி மச்சான். ஊரே படிச்சிது. அதுல நீ ஒண்ணுதான் எழுத மறந்துட்ட." சுப்பராயலு கூடையை இறக்கினார். ஈரத்துணியை விலக்கினார். உள்ளே முப்பது நாற்பது மாலைகள்.

தேவகி சுவரில் சாய்ந்து மெல்ல உட்கார்ந்தாள்.

"ப்ளேனு என்னிக்குன்னு சொல்லு மச்சான், ஏத்திவுட்டுட்டுத்தான் ஊருக்குப் போவோம்!"