பச்சைக் குடம்

ஒன்பது வருடம் கழித்து ஒரு கல்யாணத்துக்காகச் சென்னைக்கு வந்த தமயந்தி, பந்தியிலிருந்து எழுந்த கையோடு, முன்பு குடியிருந்த தெருவை எட்டிப் பார்க்கப் போனாள். தண்ணீர் லாரியின் ஹாரன் கேட்டதும் கால்கள் தாமாக ஓடின. வரிசையில் நான்காவதாக நின்றது, வீட்டைக் காலி செய்தபோது அவள் விட்டுவிட்டுப் போன பச்சைக் குடம். சூடேற்றிய ஆணியால் கழுத்தில் அவள் எழுதிய பெயர்கூட அழியவில்லை. அதை வைத்துக்கொண்டு அவள் இந்தத் தெருவில் போடாத சண்டையில்லை.

"இன்னாக்கா, அப்பிடிப் பாக்குற? உன் கொடமா இது?" என்று கேட்டாள் பின்னால் நின்ற பெண்.

"இல்லம்மா. என்னுது இல்ல."

வெறுங்கையை வீசிக்கொண்டு தமயந்தி நடந்தாள். தெருமுனைவரை பழக்கத்தில் ஒரு பக்கமாகவே சாய்ந்திருந்த இடுப்பு, அதைத் தாண்டியதும் நிமிர்ந்தது.